கழுத்தில் தொங்கும் பாஸ்வேர்டு

ஜனவரி 6, திங்கள்

பேப்பர் ஏஜென்ட் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுக்கிறார். நானும் வருஷா வருஷம் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறேன். இந்தத் தடவை என் மகள் பவதாரணி பிடுங்கி வைத்துக்கொண்டு, “எல்லாருக்கும் பிளக்ஸ்ல எழுதித் தாறீங்களேப்பா, உங்களுக்குன்னு ரெண்டு வரி எழுதுனா என்ன?” என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

பெயர் கனகவேல். கோவில்பட்டியில் பிளக்ஸ், ஐடி கார்டு, லேமினேஷன். கடை கீழே, வீடு மேலே. படிப்பு பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு மூன்றாவது தடவையில்தான் இரக்கப்பட்டு விட்டது.

இன்றைய வேலை: ஒரு காதணி விழா, ஒரு கண்ணீர் அஞ்சலி, மூன்று விருது. விருது வாங்குகிறவர்களுக்கு நான் பட்டம் அடித்துத் தருகிறேன். சேவைச் செம்மல், கல்விக் காவலர், மனிதநேய மாணிக்கம். மனிதநேய மாணிக்கம் போன மாதம் பேசிய விலையில் பாதியைக் குறைக்கச் சொல்லி என்னை ‘ஏலே’ என்று கூப்பிட்டவர். இந்த ஊரில் விருது வாங்காதவர்கள் என்று நானும் பஸ் ஸ்டாண்டு கடிகாரமும்தான் பாக்கி.

பவதாரணிக்கு வந்திருப்பது அந்த மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு. அறுபது வீடு ஏறி இறங்கி, யார் யார் போனில் எந்தெந்தச் செயலி என்னென்ன கேட்டு வாங்கி வைத்திருக்கிறது என்று எழுதினாள். தலைப்பு: ‘என் போன் யாருக்கு வேலை பார்க்கிறது?’ மாநில அளவில் இளம் ஆய்வாளர் விருதுக்கு முப்பது பேரில் ஒருத்தியாக எடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி 22, திருச்சி. முதலில் சோதித்தது என் போனைத்தான்.

“அப்பா, இந்த ஜாதக ஆப்புக்கு உங்க கேமரா எதுக்கு?”

“மொகத்தப் பாத்துப் பலன் சொல்லுமா இருக்கும்.”

“அப்ப உங்க போன்ல இருக்குற நானூறு பேரு நம்பரும் எதுக்கு?”

நானூறு பேருக்கும் ஏழரை நடக்கிறதோ என்னவோ.

ஜனவரி 8, புதன்

பவதாரணி படிக்கும் விசாலம் மெட்ரிக் பள்ளியில் இருந்து ஆர்டர். ‘பள்ளித்தோழன்’ என்று ஒரு செயலி வாங்கியிருக்கிறார்கள். மார்க், ஃபீஸ், வருகை, வாத்தியார் எழுதும் குறிப்பு எல்லாம் பெற்றோர் போனிலேயே பார்க்கலாமாம். எப்படி உள்ளே போவது என்று வாசலில் கட்ட ஒரு பெரிய பிளக்ஸ். வாசகம் தாளாளர் ராஜரத்தினம் சார் கையாலேயே எழுதியது:

‘பயனர் எண்: பிள்ளையின் சேர்க்கை எண். பாஸ்வேர்டு: பிள்ளையின் பிறந்த தேதி.’

கண்ணாடி போடாதவர்களும் படிக்கிற மாதிரி எழுத்தைப் பெரிதாக வைத்தேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. மூலையில் ஒரு பூட்டுப் படம் வேண்டும் என்றார், பாதுகாப்புக்கு.

இதே பள்ளிக்கு ஐடி கார்டு அடிப்பவனும் நானே. ஆயிரத்து நூறு பிள்ளைகள். கார்டின் முன்பக்கத்தில் போட்டோ, பெயர், சேர்க்கை எண், பிறந்த தேதி. பூட்டையும் சாவியையும் ஒரே கயிற்றில் கோத்துப் பிள்ளை கழுத்தில் மாட்டி ரோட்டில் அனுப்புகிறார்கள். அந்தக் கயிற்றையும் நான்தான் போடுகிறேன். இதை யோசித்ததும் தனியாகச் சிரித்தேன். பத்தாம் வகுப்பு படித்தவனுக்கே தெரிகிறது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து செயலி செய்தவர்களுக்குத் தெரியாதா? ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பார்கள்.

ஒரு ஏற்பாடும் இல்லை.

ஜனவரி 11, சனி

டீக்கடையில் ஜவுளிக்கடை ஜெயசேகர் இன்று ஒரே அலப்பறை. அவர் மகள் ஹர்ஷினியும் பவதாரணியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. “எம் மக பிசிக்ஸ்ல தொண்ணூறுக்குக் கொறஞ்சதே இல்ல. அவுங்க டீச்சரே வந்து டாக்டருக்குப் படிக்க வைங்கன்னு சொல்லுதாக” என்கிறார், டீ ஆறுகிறது, அவர் நிறுத்தவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “ஒங்க பொண்ணு என்னமோ போன் ரிப்பேருக்குப் பிரைஸ் வாங்குதாமே அண்ணாச்சி?” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அரையாண்டுல ஹர்ஷினி முப்பத்தொண்ணு, அண்ணாச்சி. நூத்துக்கு” என்றேன்.

எட்டு பேர் இருந்தார்கள். எட்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன, பிளக்ஸ் கடைக்காரன் காதுக்கு எல்லாம் வரும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தூறல். பிளக்ஸ் காயவில்லை. ஹர்ஷினி சாத்தூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாளாம். பொங்கல் லீவுதானே.

ஜனவரி 16, வியாழன்

ஹர்ஷினி கன்னத்தில் விரல் பதிந்திருந்ததாம். என் மனைவி வடிவு பால் வாங்கிய இடத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மார்க் மெசேஜ் அப்பாவுக்குப் போகாதபடி அந்தப் பிள்ளை செயலியில் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்ததாம். கெட்டிக்காரி. வீட்டுக்குப் போயும் ஜெயசேகர் நிறுத்தவில்லை போலிருக்கிறது. டீக்கடையில் சிரித்ததற்கெல்லாம் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பவதாரணி போன் போட்டுப் பார்த்தாள். ஹர்ஷினி எடுக்கவில்லை.

கரும்பு இந்த வருஷம் சப்பென்று இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கு விருது! ‘இணையப் பாதுகாப்பில் முன்மாதிரிப் பள்ளி.’ கொடுப்பது ஏதோ ஒரு அறக்கட்டளை. அந்த அறக்கட்டளைத் தலைவரும் பள்ளித்தோழன் கம்பெனி முதலாளியும் ஒரே ஆள். டிசைனுக்கு அனுப்பிய இரண்டு போட்டோவிலும் ஒரே முகம், கோட்டு மட்டும் வேறு. செயலியை விற்றவன், வாங்கியவனுக்கு விருது கொடுக்கிறான். எங்கள் தெரு முறுக்கு வியாபாரி இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டால் எனக்கும் ஒரு கேடயம் கிடைக்கும், கிலோக் கணக்கில் தின்றவன் என்று.

தாளாளர் படத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடச் சொன்னார்கள். போட்டேன். பின்னால் சாட்டிலைட், பூமி உருண்டை, ஒரு ரோபோ.

மிஷின் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேலை கிடையாது. நாற்பது நிமிஷம் பொழுது போகாது. இந்தப் பள்ளியில் யார் பிள்ளைக்கு ஃபீஸ் பாக்கி, யார் பிள்ளை வாரம் இரண்டு நாள் வருவதில்லை, எந்த பேங்க் மேனேஜர் மகளைப் பற்றி ‘எளிதில் அழுகிறாள், வீட்டில் பிரச்சினை’ என்று வகுப்பு டீச்சர் எழுதியிருக்கிறார் என்றெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் அன்று ஒன்று சொன்னதோடு சரி.

ஜனவரி 23, வியாழன்

பள்ளியில் இருந்து போன். நானும் பவதாரணியும் தாளாளர் அறையில். இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

அறையில் ராஜரத்தினம் சார், இயற்பியல் எடுக்கும் மெர்சி டீச்சர், கோயம்புத்தூரில் இருந்து வந்த பிரணவ் என்று ஒரு தம்பி. கம்பெனிக்காரர். கழுத்தில் அவருக்கும் ஒரு ஐடி கார்டு. தன் மகள் மார்க் எப்படி வெளியே போனது என்று ஜெயசேகர் புகார் கொடுத்திருக்கிறார். கம்பெனி தேடிப் பார்த்ததில், ஒரே இன்டர்நெட் இணைப்பில் இருந்து நூற்று நாற்பது பிள்ளைகளின் பக்கங்களுக்குள் யாரோ போயிருக்கிறார்கள். அந்த இணைப்பு எங்கள் வீட்டு வைஃபை, பவதாரணி தன் பக்கத்தைத் திறக்கிற அதே இணைப்பு.

“இது சாதாரண ஆளு செய்றதில்லைங்க சார்” என்றார் பிரணவ் தம்பி. “பேட்டர்ன் பாத்தா, நல்லா பிளான் பண்ணுன அட்டாக்குங்க. சிஸ்டம் தெரிஞ்சவங்கதான் பண்ணியிருக்கணும்.”

எல்லாரும் பவதாரணியைப் பார்த்தார்கள். செயலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பிள்ளை.

“நான் இல்ல சார்” என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

தம்பி ஒரு தாளை நீட்டினார். தேதி, நேரம், பிள்ளையின் எண் என்று வரிசையாக. பவதாரணி வாங்கிப் படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். ஜனவரி 9, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. அதற்குக் கீழே பதினொன்று இருபத்தைந்து. அதற்குக் கீழே பதினொன்று முப்பத்தொன்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்தாள்.

தாளாளர் சொன்னார்: “வெளியாளுன்னா நான் சைபர் கிரைமுக்குப் போறதத் தவிர வேற வழி இல்ல. நம்ம பிள்ளைன்னா உள்ளுக்குள்ள முடிச்சுக்கிடலாம். யோசிச்சுச் சொல்லும்மா.”

“நான்தான் சார்” என்றாள் பவதாரணி.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பள்ளி சார்பில் திருச்சிக்கு அனுப்புவதை ரத்து செய்துவிட்டார்கள். அந்த அறையில் ஏசி அதிகம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஒன்றும் பேச முடியவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஏசியால் இல்லை.

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். இந்த டைரியில் நான் எனக்கே பிளக்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன், ஒளிவட்டம் போட்டு. ஒழுங்காக எழுதுகிறேன்.

நான்தான் பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் ஆயிரத்து நூறு பிள்ளைகளின் கார்டும் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சும்மா போட்டுப் பார்த்தேன், திறக்கிறதா என்று. திறந்தது. மூடியிருக்கவேண்டும். அடுத்தது ஹர்ஷினி, பவதாரணியைவிட எவ்வளவு கூட என்று பார்க்க. அடுத்து டாக்டர் வீடு, அப்புறம் கவுன்சிலர் வீடு. மிஷின் ஓடுகிற நேரத்தில் மற்றவர்கள் ரீல்ஸ் பார்ப்பார்கள், நான் பிள்ளைகளைப் பார்த்தேன். நூற்று நாற்பது என்று தம்பி சொன்னபோது எனக்கே ஆச்சரியம். அறுபது எழுபது இருக்கும் என்று நினைத்தேன்.

வடிவுக்குத் தெரிந்துவிட்டது. பவதாரணி சொல்லவில்லை, வடிவுக்கு என் முகத்தைப் பார்த்தால் போதும். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “வயசுப் பிள்ள தலையில வச்சிட்டு வந்திருக்கீக. நல்லா இருக்கு.” அவ்வளவுதான். தோசை நன்றாகத்தான் இருந்தது. என்னால் ஒன்றுக்கு மேல் தின்ன முடியவில்லை.

பவதாரணி என்னோடு பேசுகிறாள். “அப்பா, சாவி.” “அப்பா, கேஸ்காரர்.” பேசாமல் இருந்தால்கூடத் தேவலாம்.

ஜனவரி 27, திங்கள்

பள்ளியில் விருது விழா. கட்டிய பிளக்ஸ் காற்றில் தொய்ந்துவிட்டது, இழுத்துக் கட்ட வா என்று போன். போனேன். ஏணியில் நின்றுகொண்டே முழு நிகழ்ச்சியையும் பார்க்கும் பாக்கியம்.

அறக்கட்டளைத் தலைவர் பேசினார். கடலை எண்ணெய் மாதிரி வழுவழுப்பான பேச்சு. “சமீபத்தில் இந்தப் பள்ளியின் தகவல் அமைப்பின் மீது மிகத் திறமையான ஒரு தாக்குதல் நடந்தது. நம் தொழில்நுட்பம் ஒரே வாரத்தில் ஆளைக் கண்டுபிடித்தது. அதனால்தான் இந்த விருது” என்றார். விருது பிளக்ஸை நான் அடித்தது ஆளைப் பிடிப்பதற்கு மூன்று நாள் முன்னால். கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டே ஐந்நூறு தலைகள் பதினொன்றாம் வகுப்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தன. பவதாரணி முழங்காலில் கையை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலி.

மிகத் திறமையான தாக்குதல் அப்போது ஏணியில் நின்று சணல் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன்.

வேட்டியைத் தவிர்த்து பேண்ட் போட்டுக்கொண்டு போனேன், குற்றவாளி மரியாதையாக இருக்கட்டும் என்று. அறையில் தாளாளரும் பிரணவ் தம்பியும். விருதுக் கேடயம் மேஜை மேல்.

“சார், எம் மக இல்ல. நான்தான் பாத்தேன்.”

தாளாளர் என்னை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். “அப்பன்னா இப்படித்தான் இருக்கணும் கனகவேல். மகளுக்காகப் பழிய ஏத்துக்கிடுறீங்க. ஒங்க மனசு புரியுது.”

“மனசெல்லாம் இல்ல சார். நெசமாவே நான்தான்.”

பிரணவ் தம்பி சிரித்தார். “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பத்தாவது.”

“அதாங்க. இது அந்த லெவல் வேலை இல்லைங்க.”

வாழ்க்கையில் பல இடங்களில் எனக்குத் திறமை பத்தாது என்று சொல்லியிருக்கிறார்கள். திருட்டுக்கும் பத்தாது என்று சொன்னது இங்கேதான்.

“அந்தத் தாள எடுங்க தம்பி” என்றேன். “வியாழக்கிழமை பதினொன்னு இருவதுக்கு எம் மக எங்க இருந்தா? ஒங்க வருகைப் பதிவேடுதான் செயலியில இருக்கே, பாருங்க.”

பார்த்தார். பவதாரணி, வியாழன், மூன்றாம் பீரியட், வந்திருக்கிறாள். தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆளைப் பிடித்ததற்காக விருது வாங்கியவர்கள் இந்த நேரத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

“இப்ப எப்படின்னு காமிக்கிறேன்” என்று என் போனை எடுத்தேன். தாளாளருடைய பேரன் இரண்டாம் வகுப்பு. கார்டில் கன்னம் இருட்டாக விழுந்திருந்ததால் மூன்று தடவை திருத்தியவன் நான். அவன் எண்ணும் பிறந்த தேதியும் மனப்பாடம். போட்டேன். திறந்தது. வீட்டு விலாசம், ஆட்டோக்காரர் பெயர், எத்தனை மணிக்கு எந்த வாசலில் கூட்டிப்போக வருவார் என்பது வரை இருந்தது. போனை மேஜை மேல், கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தாளாளர் ஆட்டோக்காரர் பெயரை இரண்டு தடவை படித்தார்.

அப்புறம் பேசியபோது அவர் குரல் மாறியிருந்தது. பவதாரணியின் கடிதத்தைக் கிழித்துவிடலாம். திருச்சிக்கு அவள் போகலாம். போலீஸ் வேண்டாம். ஆனால் பத்தாவது படித்த பிளக்ஸ்காரர் ஐடி கார்டைப் பார்த்து உள்ளே போனார் என்பது வெளியே தெரிந்தால் பள்ளி மானம் போய்விடும். “நாலு செவத்துக்குள்ள இருக்கட்டும். அடுத்த வருஷம் புதுசா ஸ்மார்ட் கார்டு போடப்போறோம், அதுவும் ஒங்களுக்குத்தான்.”

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் வந்து பவதாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். “சரிப்பா. பாஸ்வேர்ட மாத்திட்டாகளா?”

“அதப் பத்திப் பேச்சு வரல தாயி.”

“அப்ப இன்னும் ஆயிரத்து நூறு பேரும் தொறந்துதான் கெடக்காக.”

என் காற்று இறங்கிவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

பவதாரணியும் மெர்சி டீச்சரும் சேர்ந்து பள்ளிக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று நாளில் சரி செய்யுங்கள், அதுவரை வெளியே சொல்ல மாட்டோம் என்று. பள்ளி உடனே நடவடிக்கை எடுத்துவிட்டது. இனிமேல் பாஸ்வேர்டு பிறந்த தேதி இல்லை. அப்பாவின் போன் நம்பரில் கடைசி நான்கு எண்.

போன் நம்பர் ஐடி கார்டின் பின்பக்கம் இருக்கிறது.

பவதாரணி இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள், எனக்காக இல்லை என்றாலும்.

பிப்ரவரி 7, வெள்ளி

மெர்சி டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பாஸ்வேர்டு பிள்ளைகள் கழுத்திலேயே தொங்குகிறதே என்று கேட்டுவிட்டார். டீச்சருக்கு வேலை போயிருக்கலாம். போகவில்லை, ஏனென்றால் கூட்டத்தில் முந்நூறு பெற்றோர் தங்கள் பிள்ளையின் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று முதல் ஒவ்வொருவரும் தாங்களே ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளவேண்டும். போனுக்கு எண் வந்தால்தான் மாற்ற முடியும். ஐடி கார்டில் பிறந்த தேதி எடுக்கப்படும்.

அடுத்த வருஷக் கார்டு சிவகாசிக்குப் போகிறதாம். எனக்கு இல்லை. நியாயந்தான். திருடனிடமே பூட்டுக் கடையும் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெயசேகர் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு சட்டைத் துணியைக் கிழிக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். “அன்னைக்கு நீங்க சொன்னதும் சிரிச்சாங்கள்ல, அதுக்குத்தான் அண்ணாச்சி அடிச்சேன். மார்க்குக்கு இல்ல” என்றார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஹர்ஷினி உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வரும்போது கேட்டாள்.

“அங்கிள், என்னோடதுல வேற என்னென்ன பாத்தீங்க?”

“மார்க்கு மட்டுந்தாம்மா.”

அது உண்மை இல்லை. மெர்சி டீச்சர் அவளைப் பற்றி எழுதிய நாலு வரியும் படித்தேன். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பவதாரணி கடைக்கு வந்தாள். மிஷினை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். ஒரு தாளை மேஜையில் வைத்தாள்.

திருச்சிக்குக் கொண்டுபோகும் ஆய்வில் ஒரு பகுதி கூடச் சேர்த்திருக்கிறாள். அறுபது போன்களோடு ‘நபர் 61’ என்று ஒருவர். ‘ஆண். வயது 47. பத்தாம் வகுப்பு. தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லை. ஒன்பது நாள், நூற்று நாற்பது பக்கங்கள்.’

மேஜையில் வைத்தது ஒப்புதல் படிவம். அவள் கையால் எழுதியது. வாய்விட்டுப் படித்தாள், வரி வரியாக, வேறு யாருக்கோ படிக்கிற மாதிரி.

“உங்களப் பத்துன தகவல இந்த ஆய்வுல பயன்படுத்தலாமா. உங்க பேர எங்கயும் சொல்ல மாட்டோம். எதுக்குப் பதில் சொல்ல இஷ்டம் இல்லையோ அத விட்டுறலாம். எப்ப வேணும்னாலும் வெலகிக்கிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல.”

“வெலகுனா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. எடுத்துருவேன்.”

“அப்பிடின்னா ஒனக்குப் பிரைஸ் கெடைக்குமா?”

“அது வேற விசயம்ப்பா. இது உங்களோடது.” தாளைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். “இப்பவே போடணும்னு இல்ல. யோசிச்சுக் குடுங்க.”

மேலே போய்விட்டாள். நான் மிஷினைத் திரும்பப் போடவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மானத்தை எடுக்க என்னிடம் அனுமதி கேட்டுத் தாள் கொடுத்திருக்கிறாள். நூற்று நாற்பது பேரில் ஒருவரிடம் நான் கேட்டேனா?

பிப்ரவரி 15, சனி

கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. வடிவு கேட்டாள்: “படிச்சுப் பாத்துத்தான போட்டீக?”

பிப்ரவரி 19, புதன்

நபர் 61-க்கான சார்ட்டை நானே அடித்தேன். ரோபோ இல்லை, ஒளிவட்டம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதையும் நானே திருத்தினேன்.

பிப்ரவரி 22, சனி, திருச்சி

கல்லூரி ஆடிட்டோரியத்தின் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே யார் யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். முடிவு சொல்ல சாயங்காலம் ஆகுமாம். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் கூட்டம். ஒரு பிள்ளை மாட்டுச் சாணத்தில் பேட்டரி செய்திருந்தது, இன்னொன்று கைதட்டினால் திறக்கிற குப்பைத் தொட்டி. குப்பைத் தொட்டி கைதட்டாமலே திறந்து திறந்து மூடியது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

பவதாரணி மேஜைக்கு நடுவர் வந்தார். பேராசிரியை, ஐம்பது வயது இருக்கும், கதர் புடவை, கையில் அட்டையும் பேனாவும். அறுபது போன்களை வேகமாகப் பார்த்தார். நபர் 61-ல் நின்றுவிட்டார். இரண்டு தடவை படித்தார். நான் நாலு அடி தள்ளி, தண்ணீர் பாட்டிலையும் புளியோதரைப் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இது யாரும்மா?”

“பேர் சொல்ல முடியாதுங்க மேடம். சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“எனக்கு மட்டும் சொல்லலாம். நான் சரிபாக்க முடியாத தகவலுக்கு மார்க் போட முடியாதே.”

“பரவால்லங்க மேடம்.”

“இதுதான் உன் ஆய்வுலயே முக்கியமான பகுதி. இத விட்டா நீ பின்னாடி போயிருவ. தெரியுதா?”

“தெரியுதுங்க மேடம்.” அவள் கை படிவத்தின் மேல் இருந்தது, என் பெயர் தெரியாதபடி. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பேராசிரியை அட்டையில் ஏதோ எழுதப்போனார்.

“நான்தான் மேடம்” என்றேன்.

பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பினார்கள். பேராசிரியை புளியோதரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க?”

“நபர் அறுபத்தொண்ணு. இவ அப்பா.”

அவர் சிரிக்கவில்லை. இதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டார். “எதுக்காகப் பாத்தீங்க? அந்தப் பிள்ளைங்க விஷயம் உங்களுக்கு எதுக்கு?”

வழியெல்லாம் பஸ்ஸில் எத்தனையோ பதில் தயாரித்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“பாக்க முடிஞ்சது மேடம். அதான் பாத்தேன். பாத்துட்டா எல்லாரும் எனக்குக் கீழ இருக்குற மாதிரி இருந்துச்சு.”

பேராசிரியை பேனாவை எடுத்தார். அதற்குள் பவதாரணி கையை நீட்டித் தடுத்தாள்.

“மேடம், ஒரு நிமிஷம். இது படிவத்துல இல்ல.” அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளுக்குப் பிறகு, நேராக. “அப்பா, இப்ப சொன்னதச் சேத்துக்கிடலாமா?”

“சேத்துக்கோ தாயி” என்றேன்.